மரம் நல்ல மரம்

என் அண்ணனுக்கு மீசை வைத்துவிட்டார்கள்.

வாசலில் நின்ற வெண்கலச் சிலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. முறுக்கிவிட்ட கொத்து மீசை. உயிரோடு இருந்த அறுபத்தெட்டு வருஷத்தில் அண்ணன் ஒரு நாளும் மீசை வைத்ததில்லை. கரித்தூசி மீசையில் உட்கார்ந்து மூக்குக்குள் இறங்கும் என்று வாரம் இரண்டு தடவை மழித்துவிடுவார். சிலையின் கையில் தடித்த பேனா வேறு. அவர் எழுதியதெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால், இல்லாவிட்டால் காதில் செருகிய துண்டுப் பென்சிலால்.

"கம்பீரமா இருக்குல்லம்மா?" என்றார் விழாக்குழுத் தலைவரான பேராசிரியர்.

"இருக்கு. யாருங்க இது?" என்றேன்.

தமாஷ் என்று நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

அவள் தொல்லை தாங்காமல்தான் வந்தேன். "மாமாவுக்கு விழா எடுக்கறாங்க. கூடப் பிறந்தவ நீ ஒருத்திதான் மிச்சம். நீ போகலைன்னா யாரு போவா?" என்று இரண்டு வாரம் அரித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். மாட்டேன் என்கிற நோயாளிக்கு மருந்தை எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வர மனமில்லாததற்குக் காரணம் உண்டு. கடைசி இருபத்து மூன்று வருஷம் நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்தபோதும் மூன்றாம் மனுஷியைப் போலப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

விழா நடந்த இடத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் அதற்கு ஆள் எண்ணும் கூடம் என்று பெயர். பூமிக்குள் இறங்கும் முன் ஆட்கள் அங்கேதான் வரிசையாக நின்று பித்தளை வில்லையை வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு எண். சுரங்கத்தை மூடி பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்தக் கூடத்துக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, சிவப்புக் கம்பளம் விரித்து, 'சுரங்கக் கவிஞர் நினைவு மண்டபம்' என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள். முதல் மூன்று வரிசைக்குத் தண்ணீர் பாட்டில் உண்டு. பழைய சுரங்க ஆட்களைக் கடைசிச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தூசி ஏறிய நுரையீரலோடு இருமிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் கேட்கிறது, கொஞ்சம் வெளியே போய் இருமுங்கள் என்று ஒரு தொண்டர் வந்து சொன்னான். கவிஞருக்குச் செய்யும் மரியாதை அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

அண்ணனின் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஷிப்ட் இறங்குவதற்கு முன் தனி ஆளாக உள்ளே போய், நீளக் கம்பால் மேற்கூரைப் பாறையைத் தட்டிப் பார்ப்பார். கெட்டியான பாறை கிண்ணென்று பேசும். பிளவு விட்ட பாறை ஓட்டைப் பானை மாதிரி பேசும். மேலே வந்து, பார்த்ததைப் பார்வை நோட்டில் எழுதுவார். மேனேஜர் படித்துவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுவார். பிறகு கிளார்க் அந்தக் கூடத்தில் நின்று சத்தமாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் "கேட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கூண்டு கீழே இறங்காது. சாமி கும்பிடாமல்கூட இறங்குவார்கள், கேட்டுச்சு சொல்லாமல் இறங்க மாட்டார்கள்.

கவிதை எழுதியதெல்லாம் கரி வண்டிகளின் பக்கப் பலகையில். அப்போது நான் மேலே கரியில் கல் பொறுக்கும் வேலையில் இருந்தேன். வண்டி வந்ததும் கரியைப் பார்ப்பதற்கு முன் பலகையைத்தான் பார்ப்போம். ஒரு தடவை இப்படி எழுதியிருந்தார்:

மேனேஜர் வீட்டு நாய்க்குப் பெயர் இருக்கிறது.
எனக்கு எண்தான் இருக்கிறது.
கூப்பிட்டால் அந்த நாய் வருவதில்லை.
நான் வந்துவிடுகிறேன்.

கல் பொறுக்கிய பெண்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மேஸ்திரி வருவதற்குள் நான்தான் முந்தானையால் துடைத்தேன். விழாக்குழு அச்சடித்திருந்த புத்தகத்தில் இதைத் தேடினேன். இல்லை. பேராசிரியரிடம் கேட்டதற்கு, "கொஞ்சம் கரடுமுரடா இருக்கும்மா, கவிஞரோட உயரத்துக்குப் பொருந்தலை" என்றார். அண்ணன் ஐந்தடி மூன்று அங்குலம். பொருந்தாமல் என்ன.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை, பன்னிரண்டாம் குறுக்கு என்ற இடத்தில் மேற்பாறை விழுந்தது. மூன்று பேர் போனார்கள். ஒருவர் என் புருஷன். சரியும் பாறைக்குக் கீழே மரத்தூண் நட்டுத் தாங்கவைக்கும் முட்டுக்காரர் அவர். இன்னொருவர் எதிர்வீட்டு அக்காவின் புருஷன். மூன்றாமவர் கல்யாணம் ஆகாதவர். விசாரணை என்று ஒன்று நடத்தி, 'முட்டு நடுபவரின் கவனக்குறைவே காரணம்' என்று எழுதிக் கூடத்தின் சுவரில் ஒட்டினார்கள். நான் வேலைக்கு வந்து வில்லை வாங்கும்போதெல்லாம் அது என் முகத்துக்கு நேரே இருந்தது.

எதிர்வீட்டு அக்கா அன்றைக்கு என் வாசலில் காறித் துப்பினாள். "என் புருஷனக் கொன்னுட்டு உம்புருஷனும் போயிட்டான், நல்லா இருடி" என்றாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நான் குழாயடிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். என் மகள் பள்ளிக்கூடத்தில் 'முட்டுக்காரன் மகள்' ஆனாள். அந்தத் தெருவில் அது கெட்டவார்த்தை.

அண்ணன் விசாரணையில் சொன்னார்: நான் காலையில் தட்டிப் பார்த்தேன், யாரும் போக வேண்டாம் என்று எழுதினேன், மேனேஜர் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார், அதன் பிறகுதான் வீட்டுக்குத் தூங்கப் போனேன். நோட்டைப் புரட்டினார்கள். அந்தத் தேதியில் 'எல்லா இடமும் சரி' என்று கிளார்க்கின் கையெழுத்தில் ஒரு வரி. கிளார்க்கைக் கேட்டார்கள். வேறு தாளே இல்லை என்றார். விசாரணை அதிகாரி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாராம். "நீங்க கவிஞராமே. கற்பனை நல்லாவே வருது."

அதிகாரியை விடுங்கள். நானும்தான் நம்பவில்லை.

அண்ணன் அதன் பிறகும் நாலு வருஷம் என் வீட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு. "மரம் நல்ல மரம்மா. மாப்பிள்ளை கைமேல குத்தம் இல்ல. நான் எழுதி வச்சேன்." எங்கே காட்டு என்பேன். காட்ட அவரிடம் என்ன இருந்தது? தங்கச்சி மனசு ஆறட்டும் என்று ஒரு கதை கட்டிவிட்டார், அதுதான் அவருக்கு நன்றாக வருமே என்று நினைத்தேன். ஒரு நாள் வாயை விட்டே சொல்லிவிட்டேன். "உன் கவிதையெல்லாம் வண்டியில எழுது. என் புருஷன் சாவுல எழுதாத." கதவைச் சாத்தினேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. வண்டிப் பலகையில் எழுதுவதையும் நிறுத்திவிட்டார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

இந்தக் கதையோடுதான் அந்த மண்டபத்துக்குள் போனேன்.

நுழைந்ததும் ஒரு மேசை, அதன்மேல் வருகைப் பதிவேடு. சிறப்பு விருந்தினர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யார் என்கிறீர்கள்? அதே மேனேஜர்தான். எண்பது தாண்டியிருக்கும். வெள்ளை வெளேரென்ற சட்டை, பைக்குள் இரண்டு பேனா. 'மண்ணின் கவிஞருக்கு என் வணக்கம்' என்று பச்சை மசியில் எழுதி, கீழே வால் நீண்ட கையெழுத்து ஒன்றைப் போட்டார். வால் முடியும் இடத்தில் இரண்டு புள்ளி. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஓநாய்க்கு நாற்காலி போட்டு, பன்னீர் தெளித்து உட்கார வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேசைக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு தாள், கண்ணாடிப் பெட்டிக்குள். "இதுதாம்மா விழாவோட உயிர்!" என்றார் பேராசிரியர். "கவிஞர் கைப்பட எழுதின ஒரே கையெழுத்துப் பிரதி. பழைய கிளார்க் இருந்தாரே, அவர் போன பிறகு அவர் மகன் பெட்டியைக் கிளறினப்போ கிடைச்சது. நான் அப்படியே ஆடிப்போயிட்டேன்."

குனிந்து பார்த்தேன். பென்சில் எழுத்து. அண்ணன் கை. மேல் ஓரத்தில் அந்த நாளின் தேதி.

பன்னிரண்டாம் குறுக்கு. காலை நாலே முக்கால்.
தட்டிப் பார்த்தேன். ஓட்டைப் பானைச் சத்தம்.
நேற்று நட்ட முட்டு மூன்றும் வில்லாக வளைந்திருக்கின்றன.
மரம் நல்ல மரம். நட்டதில் குறையில்லை.
மேலே பாறைதான் இறங்குகிறது.
யாரும் உள்ளே போக வேண்டாம்.

அதன் கீழே பச்சை மசியில்: 'பார்த்தேன். 5.40.' வால் நீண்ட கையெழுத்து. இரண்டு புள்ளி.

மறுபடி ஒரு தடவை படித்தேன். பேராசிரியர் பேசிக்கொண்டே போனார். "முட்டுங்கறது உழைக்கும் வர்க்கம். வளையுது, ஆனா உடையலை பாருங்க. பாறைங்கறது காலம். என்ன ஒரு படிமம்!"

"இந்தப் பச்சை?" என்று கேட்டேன்.

"அதுவா? யாரோ ஒரு முதல் வாசகர் ரசிச்சுக் குறிச்சிருக்கணும். பார்த்தேன்னு எவ்வளவு அடக்கமா எழுதியிருக்கார் பாருங்க."

அந்தத் தாளைக் கல்லிலும் வெட்டியிருந்தார்கள். மண்டப வாசலிலேயே கறுப்புப் பளிங்கில், பொன் எழுத்தில். முதல் வரியை எடுத்துவிட்டார்கள், அது வெறும் விலாசமாம். கடைசி வரியையும் எடுத்துவிட்டார்கள். வாசலில் 'யாரும் உள்ளே போக வேண்டாம்' என்று பொறித்தால் வருகிறவர்கள் குழம்புவார்களாம். மூன்று உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வரியை முதல் தடவை மேனேஜர் எடுத்தார், இரண்டாம் தடவை இவர்கள் எடுத்தார்கள்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. மேனேஜரை நினைத்து மட்டுமில்லை. அந்தக் கிளார்க் எரிக்கவும் துணியாமல், கொடுக்கவும் துணியாமல் முப்பது வருஷம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தானே, அவனை நினைத்து. தெருவில் எதிரே வந்தால் "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்பான். எல்லாரையும்விட என்னை நினைத்து. என் வாசல்படியில் நின்று ஒரு மனுஷன் நாலு வருஷம் உண்மையைச் சொன்னார். நான் அதைக் கவிதை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இந்தப் பேராசிரியருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் ரசித்தார், நான் ரசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா, முகமெல்லாம் வேர்க்குது. உக்காரு" என்றாள் மகள்.

"அந்தப் பதிவேட்டை எடுத்து வச்சுக்க. நான் கூப்பிடறப்ப கொண்டு வா."

ஏன் என்று கேட்கவில்லை அவள். கண்ணாடிப் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள், பதிவேட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவள் முகமும் மாறிப்போனது.

மேடையில் ஐந்து பேர் பேசினார்கள். வறுமை அவரைச் செதுக்கியது என்றார் ஒருவர். இருட்டு அவருக்கு ஞானம் கொடுத்தது என்றார் அடுத்தவர். இருட்டு அவருக்கு இருமல் கொடுத்தது, நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். மேனேஜர் எழுந்து, "அவரும் நானும் ஒரே குடும்பம் மாதிரி" என்றார். எவ்வித நடுக்கமும் இல்லாமல் சொன்னார். கடைசிச் சுவரோரம் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து, சட்டம் போட்ட தாளை என் கையிலேயே கொடுத்தார் பேராசிரியர். "அண்ணன் கவிதையைத் தங்கை வாசிக்கும் உருக்கமான தருணம்" என்று மைக்கில் அறிவித்தார். போட்டோகிராபர் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் எதிர்வீட்டு அக்கா இருந்தாள். 'சுரங்கத் தியாகிகளின் குடும்பம்' என்று அவளுக்கு ஒரு அட்டை குத்தியிருந்தார்கள். எனக்கு அது குத்தவில்லை, நான் கவிஞரின் தங்கையாம். அவள் என்னைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளார்க் வாசிப்பதைப் பல வருஷம் நான் வெளியே நின்று கேட்டிருக்கிறேன். ராகம் கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அப்படியே வாசித்தேன். முதல் வரியிலிருந்து, தேதியையும் சேர்த்து.

"பன்னிரண்டாம் குறுக்கு. காலை நாலே முக்கால்."

கடைசி வரிசையில் இருமல் நின்றது.

நான் நிறுத்தவில்லை. ஓட்டைப் பானைச் சத்தம். மூன்று முட்டும் வில்லாக. மரம் நல்ல மரம், நட்டதில் குறையில்லை. பாறைதான் இறங்குகிறது.

"யாரும் உள்ளே போக வேண்டாம்."

பிளாஸ்டிக் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவர்கள் எழுந்து நின்றார்கள். விளக்கறையில் வேலை பார்த்த கிழவர் கம்பை ஊன்றி எழுந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரே குரலில், அரைமூச்சில், சொன்னார்கள்.

"கேட்டுச்சு."

முப்பத்தொரு வருஷம் தாமதமாக, அதே கூடத்தில்.

முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். மேனேஜர். முகம் மலர்ந்து, தலையை ஆட்டி ஆட்டித் தட்டினார். அவரைப் பார்த்து சோபாக்காரர்கள் எல்லாரும் தட்டினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த ஆளுக்கு நினைவே இல்லை. பயந்திருந்தால், முகம் வெளிறியிருந்தால், மனுஷன் என்றாவது நினைத்திருப்பேன். ஒரு காலையில் ஒரு தாளை மறைத்தார், மூன்று பேர் செத்தார்கள், அவர் மறந்துவிட்டார். அத்தனைதான்.

"கைதட்டாதீங்க" என்றேன் மைக்கில். "இது கவிதை இல்ல. பார்வை நோட்டுத் தாள். கீழே 'பார்த்தேன், அஞ்சு நாப்பது'ன்னு பச்சை மசியில இருக்கு. அந்தக் கையெழுத்துக்காரரு இங்கதான் உக்காந்திருக்காரு. வாசல்ல இப்பதான் இன்னொண்ணு போட்டாரு."

பேராசிரியர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். "அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க…"

மைக்கை அவரிடமே விட்டுவிட்டேன். தாளை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். மகள் பதிவேட்டோடு வந்து நின்றாள். மேனேஜர் பக்கத்திலிருந்தவரிடம், "என்ன சொல்றாங்க? காது சரியாக் கேக்கலை" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் நான் போகவில்லை. அவர் ஒப்புக்கொண்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மூன்றாவது வரிசைக்குப் போனேன்.

எதிர்வீட்டு அக்காவின் மடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்தாள். பச்சை வாலைத் தொட்டாள். பதிவேட்டின் பச்சை வாலைத் தொட்டாள். இரண்டு புள்ளியையும் எண்ணினாள். பிறகு மேலே போய் நாலாவது வரியில் விரலை நிறுத்தினாள். அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.

"மரம் நல்ல மரமா?" என்று கேட்டாள்.

முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நல்ல மரம்க்கா."

அவள் தன் மார்பில் குத்தியிருந்த அட்டையைப் பிடுங்கினாள். என்ன செய்வது என்று தெரியாதவளைப் போலக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு அங்கே உரிமை இல்லை என்று பட்டது. தொண்டர்கள் இரண்டு பேர் தாளைக் கேட்டு வந்தார்கள். விளக்கறைக் கிழவரும் மற்றவர்களும் எங்களைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

வெளியே வந்தபோது சிலை அப்படியே நின்றது, மீசையும் பேனாவுமாக. ஒரு வார்த்தை பாக்கி இருந்தது எனக்கு. அந்த மீசைக்காரனிடம் சொல்ல வாய் வரவில்லை. மகளின் கையில் இருந்த தாளை வாங்கி, பென்சில் எழுத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"கேட்டுச்சுண்ணே."